அமேசிங் ரேஸில் முன்னிலை எங்கே கரைகிறது?

அமேசிங் ரேஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியின் ரசிகர்கள் கூடினால் வாதம் கடைசியில் எண்ணிக்கையில்தான் வந்து நிற்கும். யார் எத்தனை சுற்றில் முதலிடம், யாருடைய சராசரி என்ன, எந்த ஜோடி 'வலுவான' ஜோடி. அப்புறம் நான்கு சுற்றில் முதலில் வந்த ஜோடி ஐந்தாவதில் வீட்டுக்குப் போனால், "இது எப்படி நடந்தது?" என்று எல்லோரும் திகைப்பார்கள். முதலிடங்களை விட்டுவிட்டு நிமிடங்களை எண்ணிப் பார்த்தால் அந்தத் திகைப்புக்கே இடமிருக்காது. இந்தப் போட்டியில் முன்னிலை என்பது சேமித்து வைக்கிற பொருள் இல்லை. அது எங்கே நிலைக்கிறது, எங்கே ஆவியாகிறது என்று பார்க்கத் தெரிந்தால் பாதி ரேஸ் புரிந்துவிடும்.

புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு அடிப்படை இதுதான். 2001 செப்டம்பர் 5 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய நிகழ்ச்சி. உருவாக்கியவர்கள் எலீஸ் டோகனியெரியும் பெர்ட்ராம் வான் மன்ஸ்டரும். முதல் நாளிலிருந்து தொகுப்பாளர் நியூசிலாந்துக்காரரான ஃபில் கியோகன். பெரும்பாலான சீசன்களில் பதினோரு ஜோடிகள், உலகைச் சுற்றிப் பன்னிரண்டு சுற்று வாக்கில் ஓட்டம், பரிசு பத்து லட்சம் டாலர். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பிட் ஸ்டாப் என்ற இளைப்பாறும் இடம் உண்டு. அங்கே கடைசியாகக் கால் வைப்பவர்கள் வழக்கமாக வெளியேறுவார்கள். 8ஆவது சீசனில் மட்டும் ஜோடிக்குப் பதிலாக நான்கு பேர் கொண்ட குடும்பங்கள் ஓடின.

இப்போது நிமிடக் கணக்கு. பழைய சீசன்களில் ஒரு சுற்று தொடங்கும்போது திரையில் ஒவ்வொரு ஜோடியின் பெயருக்குக் கீழே புறப்படும் நேரம் வரும். ஃபிலும் "மதியம் 2:34க்கு முதலில் வந்தவர்கள், அதிகாலை 2:34க்குப் புறப்படுவார்கள்" என்ற பாணியில் சொல்வார். பிட் ஸ்டாப் ஓய்வு பன்னிரண்டு மணி நேரம். சில சமயம் 24, 36 என்று நீளும், ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் நீளும். அதனால் புறப்படும் நேரங்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளிதான் முந்தைய சுற்றில் வந்து சேர்ந்த உண்மையான இடைவெளி. எபிசோடின் கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு ஜோடிகள் மூச்சிரைக்க ஓடுவதுபோல மாறிமாறிக் காட்டுவார்கள். அடுத்த வாரம் புறப்படும் நேரத்தைப் பார்த்தால் நடுவில் ஒன்றரை மணி நேரம் இருந்திருக்கும். எடிட்டிங் எவ்வளவு பதற்றம் கூட்டினாலும் அந்த எண் பொய் சொல்லாது. அண்மைய சீசன்களில் இந்த நேரங்களைக் காட்டுவது குறைந்துவிட்டது, எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

அடுத்தது, அந்த இடைவெளி எப்படி அழிகிறது என்பது. மூன்று ஜோடிகள் முறையே 2:34, 3:10, 5:50க்குப் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த க்ளூ, அதாவது அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் சீட்டு, ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அது திறப்பது காலை 7 மணிக்கு. மூன்று ஜோடியும் பூட்டிய கதவுக்கு வெளியே ஒன்றாகத்தான் நிற்கும். முதல் ஜோடி மூன்று மணி நேரத் தூக்கத்தை இழந்ததுதான் மிச்சம். ஆனால் அந்த அருங்காட்சியகத்துக்குப் போக அதிகாலையில் 5:30 ரயில் ஒன்றுதான் என்றால், மூன்றாவது ஜோடி அதைத் தவறவிட்டு அடுத்த ரயிலுக்காக உட்கார்ந்திருக்கும். இருபது நிமிடப் பின்னடைவு நான்கு மணி நேரமாக வீங்குவது இப்படித்தான். ஒரே இடைவெளியைத் திறப்பு நேரம் அழித்துவிடும், ரயிலோ விமானமோ படகோ பெருக்கிவிடும். ஒரு சுற்று தொடங்கியதும் 'இங்கே மூடிய கதவு இருக்கிறதா, கடைசி வண்டி இருக்கிறதா?' என்று பாருங்கள். யார் முந்திப் புறப்பட்டார்கள் என்பதன் மதிப்பு அதிலேயே தெரிந்துவிடும்.

இந்தக் கதவுகளைத் தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே வைக்கிறார்கள், ஓடுபவர்களின் உழைப்பை அது வீணாக்குகிறது என்று ஒரு குறை எப்போதும் உண்டு. முதல் சீசன் முடிவைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ராபும் பிரெனனும் நியூயார்க்கில் வெற்றிக் கோட்டை மிதித்தபோது ஜோ, பில் ஜோடி இன்னும் அலாஸ்காவில் இருந்தது. போட்டி முடிந்துவிட்டது என்று அவர்களுக்கு அங்கேயே செய்தி போனது. இடைவெளி கட்டுக்கடங்காமல் வளர்ந்தால் இறுதிச் சுற்று என்ற ஒன்றே இருக்காது. ஆகவே எல்லோரையும் ஓரிடத்தில் சேர்ப்பது தேவைதான். ஒரே சுற்றில் மூன்று முறை சேர்ப்பதுதான் தவறு. அப்போது அந்தச் சுற்றின் முதல் ஐம்பது நிமிடம் வெறும் ஊர்வலமாகிவிடுகிறது.

விமான நிலையத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய ரேஸின் மூளை அங்கேதான் இருந்தது. நிகழ்ச்சி தரும் கடன் அட்டையில் எக்கானமி டிக்கெட் மட்டுமே வாங்கலாம். கூடவே வரும் கேமராக்காரருக்கும் ஒலிப்பதிவாளருக்கும் சேர்த்து நான்கு இருக்கை கிடைக்க வேண்டும். விமானத்தில் இரண்டு இருக்கைதான் காலி என்றால் அது அவர்களுக்கு இல்லாத விமானம். நேரடி விமானம் நாளைக் காலைதான் என்று ஒரு கவுன்டரில் சொன்னதும் வாங்கிவிடுகிற ஜோடி உண்டு. அடுத்த மூன்று கவுன்டர்களிலும் கேட்டு, வேறொரு நகரம் வழியாக இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேரும் வழியைக் கண்டுபிடிக்கிற ஜோடியும் உண்டு. அந்த வழியில் ஆபத்து இருக்கிறது. நடுவில் மாறுவதற்கு நாற்பது நிமிடம்தான் என்றால், முதல் விமானம் அரை மணி தாமதமானாலே எல்லாம் போச்சு. துணிந்து எடுப்பதா, கூட்டத்தோடு போவதா என்பது அந்த ஜோடி அப்போது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கடைசியில் இருப்பவர்கள் துணியலாம். முதலில் இருப்பவர்கள் பின்னால் வருகிறவர்கள் ஏறும் விமானத்தையே எடுப்பதுதான் புத்தி.

7ஆவது சீசனின் இறுதிச் சுற்று இதற்கெல்லாம் உச்சம். சான் ஹுவானிலிருந்து மயாமி போகும் விமானத்தில் பயணிகள் ஏறும் பாலம் விலக்கப்பட்ட பிறகு, யூச்சென்னா, ஜாய்ஸ் தம்பதிக்காக அது திரும்பப் பொருத்தப்பட்டது. ஏறியிருக்காவிட்டால் அவர்கள் கதை அங்கேயே முடிந்திருக்கும். மயாமியில் இறங்கி வெற்றிக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்தாயிற்று, டாக்சிக்குக் கொடுக்கப் பணம் போதவில்லை. முந்தைய சுற்று ஒன்றில் கடைசியாக வந்தும் வெளியேறாமல் தப்பியதற்குத் தண்டனையாகக் கையிருப்பு முழுவதும் பறிபோயிருந்தது. ஓட்டுநரை ஏமாற்றிவிட்டு ஓட அவர்களுக்கு மனமில்லை. போட்டி ஜோடியான ராப், ஆம்பர் (இவர் முதல் சீசன் ராப் இல்லை) எந்த நொடியும் வந்துவிடலாம் என்ற நிலையில், தெருவில் போகிறவர்களிடம் கேட்டுக் கேட்டுக் காசு சேர்த்து, ஓட்டுநரின் கணக்கை முடித்த பிறகுதான் உள்ளே ஓடினார்கள். ஜெயித்தார்கள். அந்தச் சில நிமிடங்களுக்கு ஈடாக இத்தனை வருடத்தில் வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

2020 பிப்ரவரியில் 33ஆவது சீசன் படப்பிடிப்பு தொற்றுநோயால் நின்று, 2021 செப்டம்பரில் மறுபடி தொடங்கியபோது, எல்லோரையும் ஒரே வாடகை விமானத்தில் ஏற்றிப் போனார்கள். அந்தச் சூழலில் வேறு வழியில்லை, புரிகிறது. ஆனால் அந்த ஏற்பாட்டில் ஓடிய சீசன்களில் ஒவ்வொரு சுற்றும் தனித்தனிப் போட்டியாகிவிட்டது. நேற்றைய முதலிடம் இன்றைக்குச் சில நிமிட முன்புறப்பாடு மட்டுமே. 35ஆவது சீசனில் பொது விமானங்கள் திரும்ப வந்தன, எபிசோடும் 90 நிமிடமானது. 36ஆவது சீசனில் மீண்டும் வாடகை விமானத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது 35க்கு முன்பே எடுத்து முடித்து, பிறகு ஒளிபரப்பானது.

தரையில் இறங்கியதும் ஆட்டம் டாக்சிக்காரர் கைக்குப் போகிறது. சுற்றுக்கு இவ்வளவு என்று ரொக்கம் தருவார்கள், விமான டிக்கெட் தவிர எல்லாச் செலவும் அதிலிருந்துதான். கைபேசி கிடையாது, ஆனால் வழியில் போகிறவரின் கைபேசியைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்தலாம். நன்றாக ஓடுபவர்கள் செய்வது சின்னச் சின்ன விஷயங்கள்தான். போகும் இடத்தின் பெயரை உள்ளூர் எழுத்தில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வார்கள். ஓட்டுநரிடம் "தெரியுமா?" என்று கேட்டு நிறுத்த மாட்டார்கள், எந்தப் பக்கம் என்று கைகாட்டச் சொல்வார்கள். இறங்கும்போது காத்திருக்கச் சொல்லி, பணத்தின் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பார்கள். முழுத் தொகையையும் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் வண்டி இருக்காது, சில சமயம் பையும் சேர்ந்து போயிருக்கும். தாங்களே கார் ஓட்ட வேண்டிய சுற்றுகளில் பெரிய இடறல் கியர் வண்டி. ஆட்டோமேட்டிக்கில் மட்டுமே ஓட்டிப் பழகிய அமெரிக்க ஜோடி ஐரோப்பிய மேட்டுச் சாலையில் கிளச்சைத் தீய்த்துக்கொண்டு நிற்கும் காட்சி எத்தனை சீசனில் வந்தாயிற்று! விண்ணப்பம் போடும் நாளிலேயே கியர் வண்டி கற்றுக்கொள்ளத் தொடங்குவதுதான் அறிவு.

இனி போட்டிப் பணிகள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது டீட்டூர். ஒருவர் மட்டும் செய்வது ரோட்பிளாக், அதில் விவரம் தெரிவதற்கு முன்பே யார் என்று முடிவெடுக்க வேண்டும், மாற்ற முடியாது. 2006இல் ஒளிபரப்பான 10ஆவது சீசன் சென்னைக்கு வந்தது. முதலைப் பண்ணையில் முதலையின் வாயைக் கட்டி இடம் மாற்றுவது டீட்டூரின் ஒரு பக்கம், மாவுக் கோலம் போடுவது மறுபக்கம். முதலை என்றதும் அரண்டு போவது இயல்பு. ஆனால் பக்கத்தில் பண்ணை ஆட்கள் இருக்கிறார்கள், கயிறு இருக்கிறது, சொன்னதைச் சொன்னபடி செய்தால் முடிந்துவிடும். பயம் பெரிது, வேலை சிறிது. கோலம் நேர்மாறு. விரலிடுக்கில் மாவு ஒரே சீராக விழ வேண்டும். கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் பிடிக்கிற பிடி தெரியாவிட்டால் கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் அறுந்துபோகும், மாதிரியோடு ஒப்பிட்டுத் திருப்பி அனுப்பினால் மறுபடி திருத்த வேண்டும். பயமுறுத்துகிற பக்கம்தான் பெரும்பாலும் வேகமானது என்று ரசிகர்கள் சொல்வது இதனால்தான். நடுவர் ஒருவர் ஒப்புக்கொண்டால்தான் முடியும் என்கிற பணியில் நேரத்துக்கு எல்லையே இல்லை. தவறாகத் தேர்ந்துவிட்டால் பக்கம் மாறத் தண்டனை கிடையாது, போகவர ஆகும் நேரம் மட்டுமே நட்டம். அதே சுற்றில் ரோட்பிளாக்காகச் சென்னைத் தெருவில் ஓட்டுநர் தேர்வும் வைத்தார்கள். நம் ஊர்ப் போக்குவரத்தில் அது என்ன பாடு என்று விளக்கத் தேவையில்லை.

ரோட்பிளாக்கில் வலிமையைவிடக் கொடூரமானது தேடல். 6ஆவது சீசனில் ஸ்வீடனில் ஒரு வயல். அதில் 270 வைக்கோல் உருளைகள், 20க்குள் மட்டும் க்ளூ. உருளையைத் தள்ளி முழுவதும் பிரித்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். லீனா, கிறிஸ்டி சகோதரிகளில் லீனா இறங்கினார். சுமார் எட்டு மணி நேரம், நூற்றுக்கு மேற்பட்ட உருளைகள், ஒன்றிலும் இல்லை. கடைசியில் ஃபிலே வயலுக்கு நடந்து வந்து அவர்கள் வெளியேறுவதாகச் சொல்ல வேண்டியதாயிற்று. கணக்குப் போட்டால் சராசரியாகப் பதின்மூன்றாவது உருளையில் முதல் க்ளூ கிடைத்திருக்க வேண்டும். முப்பதைப் பிரித்தும் கிடைக்காதிருக்க நூற்றுக்குப் பத்துக்கும் குறைவான வாய்ப்புதான். நூறு தாண்டியும் வெறுங்கை என்பது ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. "முறையாகத் தேடவில்லை" என்று அவரைக் குறை சொல்பவர்கள் இதை யோசிப்பதில்லை. உருளைகள் வெளியில் ஒன்றுபோலவே இருக்கும்போது முறை எதையும் மாற்றாது. எந்தத் தவறும் செய்யாமல் ஒருவர் தோற்கக்கூடிய பணி அது. 15ஆவது சீசனில் அதே பணியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. தேடும் பணியில் நாக்குக்கோ கண்ணுக்கோ வேலை இருந்தால் அது வேறு விஷயம். 18ஆவது சீசனில் கொல்கத்தாவில் நூற்றுக்கணக்கான தேநீர்க் கோப்பைகளில் முன்பு குடித்த பப்பாளி, மாம்பழ வாசனைத் தேநீரைக் கண்டுபிடிக்க வேண்டும். சாதாரணத் தேநீரில் பழவாசம் வராது. அதனால் முதலில் குடித்தபோதே கவனித்தவருக்கு வேலை பாதி முடிந்தது. மற்றவர்கள் கோப்பை கோப்பையாகக் குடித்து நாக்கு மரத்துப்போய், சரியான கோப்பை கைக்கு வந்தாலும் தெரியாத நிலைக்குப் போனார்கள்.

ரோட்பிளாக்கை ஒருவரே சுமக்க முடியாதபடி 6ஆவது சீசனிலிருந்து வரம்பு வந்தது. பன்னிரண்டு இருந்தால் ஆளுக்கு ஆறுதான். அதற்கு முன் ஆண், பெண் ஜோடிகள் பலவற்றில் ஆண்களே பெரும்பாலானதைச் செய்து முடித்தார்கள். இந்த விதி வந்த பிறகு ஆரம்பச் சுற்றுகளில் யாருக்கு எத்தனை செலவாகிறது என்று எண்ணிக்கொண்டே வருவது முக்கியம். கடைசி இரண்டு ரோட்பிளாக்கும் கட்டாயமாக உயரத்துக்குப் பயப்படுகிறவர் தலையில் விழுந்தால் அது முன்பே தவிர்த்திருக்கக்கூடிய விபத்து.

மற்றபடி ஜோடிகள் வீட்டுக்குப் போவது வெட்கப்படும் அளவுக்குச் சின்னக் காரணங்களால். க்ளூவில் 'நடந்து செல்லுங்கள்' என்றிருக்க டாக்சி ஏறினால், வழக்கமாக முப்பது நிமிடமும் மிச்சம் பிடித்த நேரமும் தண்டம். ரோட்பிளாக்கைச் செய்யாமல் விட்டால் நான்கு மணி நேரம். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் போட்டியே இல்லை. 15ஆவது சீசனில் ஜெவ், ஜஸ்டின் நோம்பென்னில் பிட் ஸ்டாப்புக்கு முதலில் வந்து சேர்ந்தார்கள். ஜெவின் பாஸ்போர்ட் வழியில் தொலைந்திருந்ததால் ஏற்கவில்லை. தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை, போட்டி முடிந்தது. 14ஆவது சீசனில் பெய்ஜிங்கில் கீஷா, ஜென் சகோதரிகள் பிட் ஸ்டாப்புக்குக் கூப்பிடு தூரத்தில் கழிப்பறைக்கு நின்றதில் வெளியேறினார்கள். அவர்களே 18ஆவது சீசனில் திரும்பி வந்து ஜெயித்தார்கள் என்பது இந்த நிகழ்ச்சி தந்த நல்ல நியாயங்களில் ஒன்று.

மற்றவரைத் தடுக்கும் கருவிகளைப் பற்றிய சண்டை ஓயாதது. 5ஆவது சீசனில் வந்த யீல்டு ஒரு ஜோடியை மணற்கடிகாரம் தீரும்வரை நிறுத்தும். 12ஆவதில் வந்த யூ-டர்ன் டீட்டூரின் மறுபக்கத்தையும் செய்ய வைக்கும். முன்னால் போய்விட்டவர்களை இரண்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் பயந்து பயன்படுத்துவதைவிட, தனக்குப் பின்னால் உறுதியாக இருக்கிற வலுவான ஜோடி மீது பயன்படுத்துவதுதான் கணக்கு. அதே 5ஆவது சீசனில், பிலிப்பைன்ஸில் சிப், கிம் தம்பதி கோலின், கிறிஸ்டி ஜோடி மீது யீல்டு போட்டது அப்படித்தான். அதே நாட்டில், சேற்றில் புதைந்த கயிற்றை ஏர் உழுது கண்டுபிடிக்கும் பணியில் கோலின் "என் மாடு ரிப்பேர்!" என்று கத்தியது இன்றும் ரசிகர்களிடையே பழமொழி மாதிரி. மாடு ஓட்டுபவரின் ஆத்திரத்துக்கு நடக்காது, நிதானத்துக்குத்தான் நடக்கும். அதே கோலின் 2019இல் ஒளிபரப்பான 31ஆவது சீசனில் கிறிஸ்டியோடு திரும்பி வந்து, அமைதியாக ஓடி ஜெயித்தார்.

32ஆவது சீசனில் ஐந்து ஜோடிகள் கூட்டணி போட்டு விடைகளைப் பகிர்ந்துகொண்டன. ஈஸ்வர், அபர்ணா தினகரன் என்ற உடன்பிறப்புகளும் அதில் இருந்தார்கள். நம் பெயர்களைத் திரையில் பார்த்த மகிழ்ச்சி எனக்கும் உண்டு. விதிமீறல் எதுவும் இல்லை. ஆனாலும் ஒருவர் கண்டுபிடித்த விடையை ஐந்து பேர் எழுதினால் அந்தப் பணி ஒரு ஜோடிக்குத்தான் பணி, மற்ற நால்வருக்கும் அது வரிசை. இறுதி மூன்றும் அந்தக் கூட்டணியிலிருந்தே வந்ததில் வியப்பில்லை. ரேஸுக்கு அது நல்லதல்ல என்பதே என் கருத்து.

இறுதிச் சுற்றில் பெரும்பாலும் நினைவுப் பணி ஒன்று வரும். வந்த நாடுகள், செய்த பணிகள், பிட் ஸ்டாப்பில் வரவேற்றவர்கள் இவற்றை வரிசைப்படுத்தச் சொல்வார்கள். ஓட்டத்தில் ஒரு மணி நேரம் முந்தியிருந்தவர்கள் இங்கே கைபிசைந்து நிற்கப் பின்னால் வந்தவர்கள் தாண்டிப் போவார்கள். ஒவ்வொரு பிட் ஸ்டாப்பிலும் தூங்குவதற்கு முன் ஐந்து வரி எழுதி வைத்தால் போதும்: நாடு, வரவேற்றவரின் உடை, ரோட்பிளாக் செய்தவர் யார், டீட்டூரில் எடுத்த பக்கத்தின் பெயர், எடுக்காத பக்கத்தின் பெயர். கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் 5ஆவது, 7ஆவது சீசன்களிலிருந்து பார்க்கலாம், விமான நிலைய ஆட்டம் அங்கே முழு வீச்சில் இருக்கிறது. பிறகு சென்னைக்காக 10. அதன்பின் 17, பெண்கள் ஜோடியான நாட், கேட் முதல் முறையாக ஜெயித்தது அதில்தான். புறப்படும் நேரம் திரையில் வரும்போது நிறுத்தி ஒரு தாளில் குறித்துக்கொண்டு பாருங்கள்.